கம்பத்தில் ஏறிய கல்யாணச் சேலை

கோபத்தில் எழுதிய கடிதத்தையும், ஈரப் பெட்டியில் மடித்து வைத்த பட்டுச் சேலையையும் நம்பவே கூடாது. இரண்டும் வெளியே வரும்போது என்ன கோலத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் இரண்டும் ஒரே வாரத்தில் வெளியே வந்தன. அதன் பலனாக நாலு பேர் பூண்டு நடவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ஒரு ஜீப் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தது, ஒரு ரொட்டிக்காரர் காலைச் சுளுக்கிக்கொண்டார். இன்னொன்றும் நடந்தது. (அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் இருக்கிற மானமும் சீக்கிரம் போய்விடும்.)

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமான நாலாவது மாதம் ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது. ஊர் பெயர் தேன்வரை. செண்பகனூரில் பிறந்து வளர்ந்த எனக்கே அப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவரிடம் விசாரித்தேன். அவர் மேற்கே கையைக் காட்டி, "அங்கிட்டு எங்கியோ கெடக்கு, டீச்சர். நான் போனதில்ல" என்றார்.

காய்கறி ஏற்றப் போகும் ஜீப்பில் ஏறிப் போளூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மலையில் ஏறினால் தேன்வரை. மூன்று மணி நேர நடை. (ஊர்க்காரர்களுக்கு இரண்டு. எனக்கு முதல் தடவை ஐந்தரை. அதில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அழுதது.) முப்பது வீடுகள். ரோடு இல்லை, கரண்டு இல்லை, கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. உப்பும் மண்ணெண்ணெயும் குதிரை முதுகில் வரும், பூண்டும் உருளைக்கிழங்கும் அதே குதிரை முதுகில் போகும். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதன் பின்பக்கத் தடுப்புதான் என் வீடு. பலத்த மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிள்ளைகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மழை விடும்வரை உட்கார்ந்திருப்போம்.

என் கணவர் அருளப்பன் செண்பகனூரில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுபவர். "ஒரு வருஷந்தான் லில்லி, பெறகு மாத்தல் வாங்கிக்கலாம்" என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தவர் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறப்பது அபூர்வம். கடிதமும் அப்படித்தான். 'நலம். இங்கு மழை. ரொட்டி அனுப்பியுள்ளேன். அருளப்பன்.' அவ்வளவுதான் கடிதம். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக்கூட மனுஷனுக்கு மனம் வராது. சில வாரங்களில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருக்கும். 'அடுத்த வாரம் வரப் பார்க்கிறேன்.' அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை.

ரொட்டி மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தது. ஜீப்பில் போளூர் டீக்கடைக்கு வந்து, அங்கிருந்து குதிரைக்காரர் மூலம் சாயங்காலம் என் கைக்கு வரும். அதற்குள் அதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். ஆனாலும் பிரித்தவுடன் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். அடுப்பு வாசனையில் ஏதோ கொஞ்சம் மிச்சமிருப்பதாக நினைப்பு. பிறகு, சுற்றிவந்த செய்தித்தாளை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். எனக்காக எந்த வார்த்தையின் அடியிலாவது கோடு போட்டிருக்கிறாரா என்று தேடுவேன். ஒரு முறை மாவரைக்கும் மெஷின் விளம்பரத்தின் மேல் ஓர் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. அது அவர் விரல்தான் என்று முடிவு செய்து ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். (ஜீப் டிரைவர் வழியில் பஜ்ஜி தின்பார் என்பது பிறகுதான் தெரியவந்தது.)

அவரை நினைத்து எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. மேகம் விலகும் வேளையில் எதிர்மலையில் போளூர் தெரியும். அந்த ஊருக்குப் பின்னால் ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் அப்பால் அவர் மாவு பிசைந்துகொண்டிருப்பார் என்று நினைத்தபடி நின்றுகொண்டிருப்பேன். மேகம் மூடியதும் உள்ளே வந்து விளக்குக் கண்ணாடி துடைப்பேன்.

என் டிரங்குப் பெட்டியின் அடியில் கல்யாணச் சேலை இருந்தது. வெள்ளைப் பட்டு, நாலு விரல் அகலத்துக்குச் சரிகை. கோவிலில் பீடத்துக்கு முன்னால் அவர் பக்கத்தில் நின்றபோது கட்டியிருந்தது. "அந்தக் காட்டுக்குள்ள பட்டுச் சேல எதுக்குடி?" என்று அம்மா கேட்டாள். எடுத்துப் பார்த்துக்கொள்ள என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூட விழாவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை ஆறு வாரம் விடாமல் அடித்தது. பாதை வழுக்குகிறது, ஓடையில் தண்ணீர் போகிறது என்று யாரும் என்னை இறங்க விடவில்லை. ஐந்தாவது சனிக்கிழமையும் ரொட்டி வந்தது. நனைந்த சாக்குக்குள் அதே ரொட்டி, மேலே செருகிய சீட்டில் அதே நலம், அதே மழை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பிரிக்காமலே பொட்டலத்தைக் குதிரைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் ஒரு சீட்டும் செருகினேன். 'எனக்கு ரொட்டி வேண்டாம். இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.'

குதிரை ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வளைவில் போய் நின்றபோது குதிரையின் மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. எட்டு மாதக் கல்யாணத்தை நானே சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அந்த வாரம் முழுவதும் அழுகைதான். பகலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன், பள்ளிக்கூடம் விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அவர் கோபித்துக்கொண்டு நிஜமாகவே எதுவும் அனுப்பாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை கண் விழித்தால் வெயில்.

ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த வெயிலை ஒருவரும் வீணாக்கவில்லை. ஊரே வெள்ளனே கிளம்பிப் பூண்டு நடப் போய்விட்டது. மண் காயும் ஒரு நாளுக்காகத்தான் அவர்கள் அத்தனை நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சேலை முழுக்கப் பூசண வாடை. மடிப்பில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. இதுவும் போயிற்றா என்று இன்னொரு மூச்சு அழுதுவிட்டு, காயப்போட இடம் தேடினேன்.

ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் நுனியில் ஒரு மரக்கம்பம், கம்பத்தில் ஒரு கயிறு. போளூரைப் பார்த்து நிற்கும். நல்ல வெயில், நல்ல காற்று. வந்த முதல் வாரமே எனக்கு அது கண்ணில் பட்டிருந்தது. இவ்வளவு வசதியான இடம் இருக்க, இந்த ஜனங்கள் ஈரத் துணியை வேலியிலும் கூரையிலும் போட்டுச் சாகிறார்களே என்று எனக்கு ஒரே அங்கலாய்ப்பு. அறியாமை என்று முடிவு கட்டி, 'சூரிய ஒளியின் நன்மைகள்' என்ற பாடத்தை இரண்டு தடவை நடத்தினேன். (அந்த வயதில் நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.)

சேலையின் ஒரு முனையைக் கயிற்றில் முடிந்து மேலே இழுத்தேன். காற்று பிடித்துக்கொண்டது. அத்தனை முழமும் விரிந்து, பள்ளத்தாக்குக்கு மேலே படபடவென்று அடித்தது. சரிகை மின்னியது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, தலையைக்கூடச் சீவாமல் கட்டிலில் குப்புறப் படுத்து விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தேன். அப்படியே தூங்கியும் போனேன்.

யாரோ நெற்றியில் கை வைத்தபோது விழித்தேன். பக்கத்து வீட்டு வேலம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எனக்குக் கஞ்சியும் கீரையும் கொடுத்துக் காப்பாற்றியவள். முழங்கால்வரை சேறு.

"எங்க வலிக்கி, டீச்சரம்மா?"

"என்ன வேலம்மா, நடவுக்குப் போகலையா?"

"கண்ணு ரெண்டும் செவந்துபோய்க் கெடக்கு. மொகம் வீங்கிருக்கு. இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லாமக் கெடந்துட்டு, இன்னைக்கித் தாங்க முடியாமத்தான கம்பத்துல ஏத்திருக்கீங்க?"

"எதை ஏத்தினேன்?"

"சேலய. நல்லவேள, வெயிலடிக்கி. போளூருக்குத் தெரிஞ்சிருக்கும். இந்நேரம் ஜீப்ப மறிச்சுப் போட்டிருப்பாங்க."

என் தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டே அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. தேன்வரையில் நடக்க முடியாத அளவுக்கு யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். அதைப் பார்த்ததும் எந்தக் காட்டில் எந்தச் சோலியில் இருந்தாலும் ஆண்கள் ஓடி வந்து டோலி கட்ட வேண்டும். எதிரே போளூர் டீக்கடைக்காரர் அதைப் பார்த்ததும், கொடைக்கானல் போகிற ஜீப்பை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஒருவரும் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதில்லை. எனக்கு ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். நெருப்பு சுடும் என்று யாராவது யாருக்காவது போய்ச் சொல்வார்களா?

வாசலுக்கு வந்து பார்த்தேன். ஊர் முழுக்க நின்றது. முன்னால் நாலு பேர், ஒரு நீளமான கழி, அதில் தூளிபோலக் கட்டிய கம்பளி. அவர்களில் மூத்தவர் மாயாண்டி, நாற்பது வயதிருக்கும், அவர் பிள்ளை என்னிடம் மூன்றாம் வகுப்பு. அவருக்குப் பின்னால் அவர் தம்பி கருப்பையா. நாலு பேருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நட எடுத்த பூண்டுப் பல் கருப்பையாவின் மடியில் இன்னும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆசிரியை என்ன செய்திருப்பாள்? 'மன்னிச்சிருங்க, சேலை காயப்போட்டேன்' என்று சொல்லியிருப்பாள். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை கண்கள் பார்த்தன. ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த ஒரு நாள் வெயிலை எனக்காக விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். (முந்தின திங்கட்கிழமைதான் பொய் சொன்னதற்காக மாயாண்டி மகனை முட்டி போட வைத்திருந்தேன்.) என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"வயிறு."

வேலம்மாள் என்னைத் தூக்காத குறையாக டோலியில் படுக்க வைத்துக் கம்பளியால் மூடினாள். "புதுசா கல்யாணமான பொண்ணு, வேற என்னமாவும் இருக்கும். வெரசாப் போங்க" என்றாள். பெண்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டு ஒருமுறை அந்தக் கழியைத் தொட்டார்கள். டோலி கிளம்பிவிட்டது.

டோலியில் படுத்திருந்தால் வானமும், முன்னால் தூக்குகிறவரின் முதுகும் மட்டும்தான் தெரியும். மாயாண்டியின் முதுகில் வேர்வை ஓடையாக இறங்கியது. பாதை வழுக்கிய இடங்களில் கட்டை விரலை மண்ணில் குத்திக் குத்தி இறங்கினார்கள். டோலி ஒரு தடவைகூட அதிகம் ஆடவில்லை. "பாக்கத்தான் டீச்சரு ஒல்லி" என்று பின்னாலிருந்து கருப்பையா முனகியது காதில் விழுந்தது. (வாரா வாரம் வந்த ரொட்டி எங்கே போகும்?) ஓடையைத் தாண்டியதும் வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

பாதை ஓரத்தில் அங்கங்கே தட்டையான கற்கள் கிடந்தன. அங்கேதான் நின்று தோள் மாற்றுவார்கள். "செல்லையா கல்லுல மாத்திக்கிருவோம்" என்றார் மாயாண்டி. நின்றபோது, சும்மா இருக்க முடியாமல், "செல்லையா யாருங்க?" என்று கேட்டேன்.

"எங்க சித்தப்பா" என்றான் கருப்பையா. "பாம்பு கடிச்சிருச்சு. இந்தக் கல்லு வரைக்குந்தான் உசுரோட வந்தாரு."

அடுத்த கல்லுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்றாவது கல் வந்தது. கருப்பையா நடையைத் தளர்த்தினான். மாயாண்டி திரும்பாமலே சொன்னார், "இதுல வேணாம். கீழ போயி மாத்திக்கலாம்."

"தோளு கடுக்குதுண்ணே."

"ராக்கு கல்லுல வேணாம்டா."

கொஞ்ச தூரம் போனதும் மாயாண்டியே, மழை வருமா என்று சொல்கிற குரலில் சொன்னார். "எம் பொஞ்சாதி, டீச்சரம்மா. பிரசவத்துக்குத் தூக்கிட்டு வந்தோம். பிள்ள பொழச்சிக்கிருச்சு. ஒங்ககிட்டத்தான் மூணாப்பு படிக்கான்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தக் கம்பளிக்குள் படுத்திருக்க ஒரு நொடிகூட எனக்குத் தகுதியில்லை. "எறக்குங்க. என்னைய எறக்குங்க" என்றேன்.

"முத்திருச்சுடா, வெரசா நடங்க" என்றார் மாயாண்டி.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கேன்."

"ஜன்னி கண்டிருச்சுண்ணே" என்றான் கருப்பையா. ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சத்தியம் செய்யச் செய்ய ஓட்டம் கூடியது. என் வாழ்க்கையில் நான் உண்மை பேசி இவ்வளவு வேகமாகப் பலன் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஓடைக்குச் சற்று மேலே, எதிரில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு காலில் ரப்பர் செருப்பு, மறு காலில் ஒன்றுமில்லை. தோளில் ஒரு மாவுச் சாக்கு. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் கணவர்.

சீட்டு கையில் கிடைத்த நாளிலிருந்து முதலாளியிடம் கெஞ்சி, சனிக்கிழமை விடிவதற்குள் ஜீப் ஏறியிருக்கிறார். போளூரில் இறங்கினால் டீக்கடை வாசலில் கூட்டம். எல்லோரும் எதிர்மலையைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "யாருக்கு சீரியஸ்?" என்று கேட்டிருக்கிறார். "யாருக்குன்னு தெரியல. ஓரத்துல சரிக மின்னுது. தேன்வரையில சரிகத் துணி டீச்சரம்மாகிட்டதான் இருக்கும்" என்று டீக்கடைக்காரர் சொன்னாராம். அதற்குப் பிறகு செருப்பு எங்கே கழன்றது என்றுகூட அவருக்குத் தெரியாது.

டோலியைப் பார்த்ததும் அவர் கால் வழுக்கியது. ஈரப் பாறையில் சறுக்கி, இரண்டு உருளல் உருண்டு, எழுந்து ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து கழியைப் பிடித்துக்கொண்டார். ரொட்டிகள் புதரெல்லாம் சிதறின. அவர் பேச ஆரம்பித்தார்.

"லில்லி, நான் வந்துட்டேன். மொத வாரமே வந்திருக்கணும். ரொட்டிதான் போகுதேன்னு இருந்துட்டேன். கடுதாசி எழுதத் தெரியல எனக்கு. எழுத ஒக்காந்தா எல்லாம் வருது, பேனாவத் தொட்டா மழைன்னுதான் வருது. கண்ணத் தொறந்து பாரு."

நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். கல்யாணமான நாள் முதல் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. இன்னும் கொஞ்சம் படுத்தே இருந்திருந்தால் இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ என்று இன்றுவரை எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் அவர் அழுதுவிட்டார். அதைப் பார்க்க முடியாமல் கம்பளியை உதறிவிட்டுக் கீழே குதித்தேன். பின்னால் தூக்கியவர்கள் பயந்து கழியை விட்டுவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். "சேல காயப்போட்டேன்."

"காயப்போட்டீங்களா?" என்றான் கருப்பையா.

"பூசணம் பிடிச்சிருந்துச்சு."

என் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மாயாண்டி மெல்லப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"மன்னிச்சிருங்க, மாயாண்டி" என்றேன். "உங்க நடவு கெட்டுப்போச்சு."

"நடவு நாளைக்கும் நடலாம்" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் கம்பத்துல வெள்ளயப் பாத்தா, ஆத்தா, இது பொய்யா இருக்கக் கூடாதான்னு நெனச்சுக்கிட்டேதான் ஓடியாருவேன். இன்னைக்கித்தான் பொய்யாப் போச்சு. டோலில போன ஆளு எறங்கி நின்னு பேசுறத நான் இப்பத்தான் பாக்குறேன். அது போதும், டீச்சரம்மா."

குனிந்து ரொட்டிகளைப் பொறுக்கினேன். மண்ணைத் தட்டிவிட்டு ஆறு பேரும் பிய்த்துத் தின்றோம். அன்று சுட்ட ரொட்டி, இன்னும் மெத்தென்று இருந்தது. தேன்வரைக்குப் போன பிறகு நான் மெத்தென்ற ரொட்டியைத் தின்றது அன்றுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மானத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஜீப்பை விடச் சொல்லக் கருப்பையா போளூருக்கு ஓடினான். என் கணவரின் கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது, ஊன்ற முடியவில்லை. டோலிதான் இருக்கிறதே என்று அவரைப் படுக்க வைத்தார்கள். மத்தியானத்துக்குமேல் மேகம் இறங்கித் தூறலும் போட்டதால் தலையோடு கம்பளியால் மூடினார்கள். நான் பின்னால் நடந்தேன்.

இதில் ஒரு விஷயம் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் அந்தச் சிரிப்பில் மறந்துபோனது. கீழே போன டோலி, போன அன்றே மேலே திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஊர் வளைவைத் தாண்டுவதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து வேலம்மாளின் குரல் ராகமாக வந்தது.

"வெள்ளச் சேல ஏத்திவச்ச வாத்தியாரம்மா, ஒம்பதாம் வாய்ப்பாடு பாதியில நிக்கிதம்மா. பெரம்பெடுத்து அடிச்சாலும் பின்னாலயே தடவிவிட்ட பெத்தவளே, எங்க பிள்ளைகள யாருகிட்ட விட்டுட்டம்மா..."

நான் வளைவிலேயே நின்றுவிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் நகர முடியவில்லை. நாலு மாதமாக இந்த மலையில் எனக்கு யாருமே இல்லை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். இங்கே முப்பது வீட்டுப் பெண்களும் மார்பில் அடித்துக்கொண்டு எனக்காக அழுகிறார்கள். எனக்கும் அடக்க முடியாமல் அழுகை வந்தது. அழுதுகொண்டே கூட்டத்தில் போய் நின்றேன். வேலம்மாள் வழக்கப்படி என் தோளைக் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு அடி பாடினாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இங்கன நிக்கிறீங்கன்னா," என்றாள், "அந்தா கெடக்குறது யாரு?"

அந்த நேரம் பார்த்துக் கம்பளி விலகியது. என் கணவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "டீச்சர் வீட்டுக்காரருங்க" என்றார். இரண்டு பெண்கள் அலறிக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன்.

விஷயம் தெரிந்ததும் வேலம்மாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தொண்டை கட்டிவிட்டதும் ஒரு காரணம். ஆனால் அன்று சாயங்காலமே, கோபத்தோடு கோபமாக, சுளுக்குக்கு விளக்கெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கால் சரியாகப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவர் தேன்வரையில் என்னோடு இருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாயாண்டி காட்டில் நான் பூண்டு நட்டேன். என் கணவர் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக் கொடுத்தார். நான் நட்ட வரிசை கோணலாகப் போனது. "டீச்சர் வரி" என்று அதைக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். குனிந்த முதுகு நிமிரவில்லை, நகக்கண்ணெல்லாம் எரிந்தது. ஆனாலும் என் கல்யாண வாழ்க்கையில் எந்த நாள் மறுபடி வேண்டும் என்று கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பேன்.

ஊர் கூடி ஒரு திருத்தமும் செய்தது. இனிமேல் கம்பத்தில் இரண்டு வெள்ளைத் துணி ஏற்ற வேண்டும். ஒன்று மட்டும் பறந்தால் டீச்சர் துணி காயப்போடுகிறார் என்று அர்த்தம், யாரும் ஓடி வர வேண்டாம். போளூர் டீக்கடைக்கும் இது சொல்லி அனுப்பப்பட்டது. எனக்கு மூன்று வருடம் கழித்து மாற்றல் வந்தது. நான் இறங்கிய பிறகும் அந்த விதி மாறவில்லை. பல வருடம் கழித்து ஜீப் ரோடு வந்து, கம்பத்தையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சேலையில் பூசணப் புள்ளி முழுக்கப் போகவே இல்லை. வருடா வருடம் மழை விட்டதும் செண்பகனூர் வீட்டு மாடியில் அதை விரித்துப் போடுவேன். என் கணவர் கீழேயிருந்து, "யாருக்கு சீரியஸ்?" என்று கேட்பார். நான், "எனக்குத்தான்" என்பேன். உடனே ஒற்றைக் காலில் நொண்டியபடி ஒரு ரொட்டியோடு படியேறி வருவார். அறுபது வயதுக்குமேல் மூச்சு வாங்கும், ஆனாலும் நொண்டுவதை விடவில்லை. எங்கள் மகள் சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டார் முதல் முதலில் வந்தபோது அவர்களிடமும் முழுக் கதையைச் சொல்லி, ஒப்பாரியைப் பாடியும் காட்டினாள்.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. இந்த வருடமும் மழை விட்டது, சேலையை மாடியில் போட்டேன். மகள் சமையலறையிலிருந்து, "யாருக்கும்மா சீரியஸ்?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றேன்.

டீயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவள் மேலே வந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "உள்ள வாம்மா, பனி எறங்குது" என்றாள். சேலை இன்னும் சரியாகக் காயவில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.